பழவேற்காட்டு மரங்களின் உப்பு நோவை விண்ணிலிருந்து அறிவது எப்படி?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். படகுகள் கரையில் கிடக்கும். லைட் ஹவுஸ் குப்பத்திலும் கோரைக்குப்பத்திலும் சிறுவர்கள் மணல் மேட்டில் ஏறி நின்று, வடக்கே புகையைக் கக்கிக்கொண்டு எழும்பும் நெருப்பைப் பார்ப்பார்கள். சிறிது நேரம் கழித்து ஓசை வந்து சேரும். அதோடு அந்த நாள் முடிந்தது. மறுநாள் வலை, மறுநாள் படகு.

அப்படிக் கிளம்பிப்போன ராக்கெட்டுகளில் சிலவற்றின் தலையில் இருந்தது, இந்த ஏரியையும் இதன் கரையிலுள்ள தோப்புகளையும் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண். 2003 அக்டோபர் 17ஆம் தேதி ரிசோர்ஸ்சாட்-1, 2011 ஏப்ரல் 20ஆம் தேதி ரிசோர்ஸ்சாட்-2, 2016 டிசம்பர் 7ஆம் தேதி ரிசோர்ஸ்சாட்-2ஏ ஆகிய செயற்கைக்கோள்கள் இங்கிருந்துதான் மேலே போயின. பயிர், காடு, நீர்நிலை ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்றே செய்யப்பட்டவை இவை. ஏறத்தாழ 817 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வந்து, காலை பத்தரை மணி வாக்கில் தலைக்கு மேலே கடந்து போகும்படி அமைக்கப்பட்டவை. ஏரிக்கு அக்கரையிலிருந்து கிளம்பும் இந்தக் கண்களால் இக்கரையிலுள்ள சிறு விவசாயிக்கு என்ன பயன் என்பது நியாயமான கேள்வி.

பயன் உண்டு. ஆனால் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

ஏரிக்கரையில் மரம் படும் பாடு

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்து இரண்டாவது பெரியது. பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஆரணி ஆறும் காளாங்கி ஆறும் மழைக்காலத்தில் நல்ல நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்குகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நீர் வாயில் வைக்கும்படி இருக்கும். சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்ளுமானால், வெயிலில் வற்றி வற்றி, கடலை விடவும் அதிக உப்பாகிவிடும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதையும் மிஞ்சிய உப்பை ஏரியின் சில பகுதிகள் கோடையில் கண்டிருக்கின்றன. ஒரே ஆண்டுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம். மீனும் இறாலும் இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளும். மரம் எங்கே போகும்?

கரையோர மணல் மேடுகளில் சவுக்கு, தென்னை, பனை, முந்திரி ஆகியவை நிற்கின்றன. வீட்டுக் கொல்லையில் வாழை, முருங்கை, வேம்பு, பூவரசு. தண்ணீர் ஓரத்தில் ஆங்காங்கே வெண்கண்டல் எனப்படும் அலையாத்தி, தில்லை. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். சவுக்கு இந்த மண்ணுக்குரிய மரமல்ல. 19ஆம் நூற்றாண்டில் ரயில் இஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று சென்னைக் கரையோரத்தில் பெருமளவு நடப்பட்ட மரம். இன்று மணற்பாங்கான நிலமுள்ள சிறு விவசாயிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகக் கையில் பணம் வரும் வழிகளில் ஒன்று அது. கடலுக்குப் போகும் குடும்பங்களிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சவுக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. மீன் படாத ஆண்டில் தோப்பு கைகொடுக்கும். தோப்பு கருகிப் போனால் இரண்டுமில்லை.

இந்த மேட்டு மணலின் அடியில் மழை நீர், கனமான உப்பு நீரின் மேல், எண்ணெய் மிதப்பதுபோல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கேணியில் கிடைப்பதும் ஃபில்டர் பாயிண்டில் ஏறுவதும் அந்தப் படலத்து நீர்தான். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். கேட்க இனிமையான கணக்கு. ஆனால் திருப்பிப் பார்க்க வேண்டும். மேல் மட்டம் ஓர் அடி இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரும். ஆழமாகப் போட்டால் நிறைய நீர் வரும் என்று போர் போட்டவர்கள் உப்பை இழுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். சற்றுத் தெற்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் நிலத்தடியில் கடல் நீர் உட்புகுந்ததும், அதையொட்டிச் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987ஆம் ஆண்டு வந்ததும் இந்த வட்டாரத்தார் அறிந்த கதை.

உப்பு ஏறும்போது மரத்துக்குள் நடப்பது இதுதான். மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் வேரால் அதை இழுக்க முடியாது. உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தாகம் எடுத்த மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் ஆவியாகாததால் இலை சூடாகிறது. உணவு தயாரிப்பு குறைகிறது, புதுத் தளிர் சிறுக்கிறது. அதற்குப் பிறகுதான் பழைய இலைகளில் உப்பு சேர்ந்து, ஓரமும் நுனியும் கருகுகின்றன. கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்குள் பல வாரங்கள் கடந்திருக்கும்.

மேலிருந்து பார்ப்பதில் என்ன விசேஷம்?

இலை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கிவிட்டுப் பச்சையை ஓரளவு திருப்பி அனுப்புவதுதான். மனிதக் கண் பார்ப்பது அவ்வளவே. சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்பு என்று ஓர் ஒளி இருக்கிறது. அது நம் கண்ணில் படாது. ஆரோக்கியமான இலை அந்த ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அடித்துவிடுகிறது. காரணம் வேடிக்கையானது. கடல் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அலை உடையும்போது எழும் நுரை வெள்ளை வெளேரென்று தெரிகிறது. நீரும் காற்றும் சிறு சிறு அறைகளாகக் கலந்திருப்பதால், ஒளி அங்குமிங்கும் மோதித் திரும்பி வந்துவிடுகிறது. இலையின் உட்புறமும் அப்படிப்பட்ட நுரைதான். நீர் நிறைந்த அறைகள், இடையில் காற்று. அகச்சிவப்பு ஒளிக்கு இலை ஒரு வெள்ளை நுரை.

மரம் வாடி, இலை சிறுத்து, உதிர்ந்து, உள்ளறைகள் சிதையும்போது இந்த அகச்சிவப்புப் பளபளப்பு குறைகிறது. பச்சையம் குறைவதால், முன்பு விழுங்கப்பட்ட சிவப்பு ஒளி கூடுதலாகத் திரும்புகிறது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏறும். செயற்கைக்கோள் இரண்டையும் தனித்தனியே அளந்து அனுப்புகிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். இதற்குப் பசுமைக் குறியீடு என்று பெயர்.

எடுத்துக்காட்டாக, ஒரு தோப்பு அகச்சிவப்பில் 36 பங்கும் சிவப்பில் 4 பங்கும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 36லிருந்து 4 போனால் 32. அதை 40ஆல் வகுத்தால் 0.8. அதே தோப்பு நொந்த பிறகு 27 பங்கும் 9 பங்கும் திருப்புமானால், 18ஐ 36ஆல் வகுக்க 0.5. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு தோப்பும் பச்சைதான். எண்ணுக்கு அப்படியல்ல.

சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள குறுகிய எல்லைப் பட்டையையும் இப்போது அளக்கிறார்கள். பச்சையம் சற்றுக் குறையத் தொடங்கியதுமே முதலில் அசைவது அந்தப் பட்டைதான். ஐரோப்பிய நாடுகளின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015ஆம் ஆண்டு முதல் இந்தப் பட்டையிலும் படம் எடுக்கின்றன. இன்னும் அப்பாலுள்ள அகச்சிவப்பில் இலையிலுள்ள நீரின் அளவே தெரியும். நீர் அந்த ஒளியை உறிஞ்சிவிடும், இலை காய்ந்தால் அது கூடுதலாகத் திரும்பி வரும். இலைச் சூட்டை அளக்கும் கருவிகளும் உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2018ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட ஒரு கருவி இதற்காகவே செய்யப்பட்டது. இலைத் துளைகள் மூடிய மரம் காய்ச்சல்காரர் நெற்றிபோல் சுடும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் அந்தக் கருவிக்கு 70 மீட்டருக்குக் குறைந்த இடம் தனியாகத் தெரியாது என்பதால், ஒரு ஏக்கர் தோப்புக்காரருக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு.

தென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் இந்த வித்தை செயற்கைக்கோளுக்கு முன்பே மரத்தில்தான் தொடங்கியது. கேரளத்துத் தென்னந்தோப்புகளை வேர் வாடல் நோய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அரித்து வந்தது. 1970ஆம் ஆண்டு, வானிலை விஞ்ஞானியான பி. ஆர். பிஷரோட்டி தலைமையில் ஒரு குழு, ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு ஒளி பதியும் வண்ணப் பிலிமில் அந்தத் தோப்புகளைப் படம் எடுத்தது. அந்தப் பிலிமில் நல்ல மரம் பளிச்சென்ற சிவப்பாக விழும், நோயுற்ற மரம் மங்கிப் போகும். பச்சை மரம் படத்தில் சிவப்பாகத் தெரிவது இன்றும் முதன்முறை பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கிறது. அகச்சிவப்புக்கு ஏதாவது ஒரு நிறம் கொடுத்தாக வேண்டுமே என்று கொடுக்கப்பட்ட நிறம்தான் அது. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று பிஷரோட்டி போற்றப்படுவது இந்த முயற்சியால்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எந்த மரங்கள் நோயில் இருக்கின்றன என்பதைப் படம் பிரித்துக் காட்டியது. நோய் ஏன் வந்தது என்று அதனால் சொல்ல முடியவில்லை. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரிதான் காரணம் என்பது 1980களில், மரத்தின் திசுவை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகே தெரிய வந்தது. மேலிருந்து பார்த்தவருக்கு இடம் தெரிந்தது, கீழே இருந்து தோண்டிப் பார்த்தவருக்குக் காரணம் தெரிந்தது. பழவேற்காட்டிலும் இதே நிலைதான்.

ஒரு கட்டம் எத்தனை செண்ட்?

செயற்கைக்கோள் படம் சிறு சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஓர் எண்தான். அதற்குள் இருக்கும் மரம், மணல், புல், வைக்கோல் போர் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறத்தாழ இரண்டரை செண்ட். ரிசோர்ஸ்சாட்டின் நடுத்தரக் காமிராவில் ஒரு கட்டம் 23.5 மீட்டர், அதாவது பதிமூன்றரை செண்ட். அமெரிக்காவின் லாண்ட்சாட் படத்தில் 30 மீட்டர், 22 செண்ட். எனவே கொல்லையிலுள்ள நான்கு தென்னையைப் பற்றி இந்தப் படங்களைக் கேட்டுப் பயனில்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் நட்ட சவுக்கானால், இரண்டரை செண்ட் கட்டத்துக்குள் நூறு மரம் அடங்கும். அரை ஏக்கர் தோப்புக்கு இருபது கட்டம் கிடைக்கும். அது போதும். ஓரத்துக் கட்டங்களில் பக்கத்து மணலும் பாதையும் கலந்துவிடுவதால் அவற்றைத் தள்ளிவிட்டு, நடுவிலுள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972ஆம் ஆண்டே ஏவப்பட்டது. அதன் பழைய படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் இலவசம்தான். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் இணையதளம் 2009இல் தொடங்கப்பட்டது. ஆக, படம் கிடைக்காத குறை இப்போது இல்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் எடுத்துக் காட்டிவிடும். படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அதில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, தை மாதப் படத்தையும் வைகாசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோப்பு போய்விட்டது என்று பதறுவது. மழை முடிந்த தையில் எல்லாத் தோப்பும் செழிப்பு, கோடையில் எல்லாத் தோப்பும் வாட்டம். வைகாசியை முந்தைய ஆண்டுகளின் வைகாசியோடுதான் ஒப்பிட வேண்டும். அதோடு, தன் தோப்பை மட்டும் பார்க்காமல் ஒரு கல் தொலைவிலுள்ள இன்னொரு தோப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இறங்கினால் மழை குறைந்த ஆண்டு என்று பொருள். ஒன்று மட்டும் இறங்கினால் அங்கேதான் ஏதோ கோளாறு. வெட்டி மறுநடவு செய்த தோப்பின் எண் தரையைத் தொடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூரில் உட்கார்ந்து படம் பார்ப்பவர் இதை நோய் என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

மற்றொரு இடையூறு மேகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது, வானம் மூடிக்கிடக்கும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வார்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலின் மழை இந்த வட்டாரத்தை மூழ்கடித்தபோதும் சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். மேகத்தை ஊடுருவிப் பார்க்க ராடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. இந்தியாவின் ரிசாட்-1 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போயிற்று. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலை 30ஆம் தேதி போயிற்று. தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, மரம் எங்கே சாய்ந்தது என்பதை ராடார் சொல்லும். இலையின் பச்சையைப் பற்றி அதற்குத் தெரியாது.

பச்சையெல்லாம் நல்லதல்ல

பழவேற்காட்டில் படம் பார்ப்பவர் சறுக்கி விழக்கூடிய பெரிய இடம் இது. ஒரு நிலத்தின் பசுமைக் குறியீடு பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் மகிழ்ந்துபோவார். நேரில் போனால், அங்கே இருந்த முந்திரியும் தென்னையும் போய், சீமைக் கருவேலம் அடைத்து நிற்கும். ஆழ வேர், உப்பையும் வறட்சியையும் தாங்கும் குணம். கடுங்கோடையிலும் பசுமையாக நிற்கும். செயற்கைக்கோளுக்கு அது ஆரோக்கியமான மரம்தான். நில உடைமையாளருக்குத்தான் அது என்ன என்று தெரியும்.

வெண்கண்டலும் அப்படியே. அது வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுகிறது. உள்ளே வந்ததை இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் இலையின் மேல் நாக்கை வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். எனவே ஏரியோரத்தில் கண்டல் பசுமையாக இருப்பதை வைத்து, பக்கத்துக் கேணி நீர் நன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அதே கண்டலும், உப்பு கடல் நீரின் அளவைத் தாண்டிப் போனால் குட்டையாகிப் போகும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. பிச்சாவரத்தில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, அலையாத்திக் காட்டைக் கூப்பு கூப்பாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து மண் காய்ந்து தாழ்ந்தது. நடுவில் பள்ளம் விழுந்து தாம்பாளம்போல் ஆயிற்று. ஓதத்தில் ஏறிய கடல் நீர் இறங்க வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு மட்டும் தங்கியது. அங்கே கண்டலே பிழைக்கவில்லை. மரம் போனதற்கு ஊரார் வெட்டியதும் மாடு மேய்ந்ததும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள்.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, அந்தப் பள்ளங்களில் மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு தாய்க் கால்வாய், இரு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். ஓதம் ஏறி இறங்க, தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போயிற்று, கன்றுகள் பிடித்தன. 1980களின் நடுப்பகுதியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது பிச்சாவரத்து அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 சதவிகிதம் கூடியிருந்தது. எங்கே அழிந்தது, எங்கே மீண்டது என்பதைப் படம் காட்டியது. தேங்கிய உப்புதான் நோய் என்று கண்டுபிடித்ததும், கால்வாய் மருந்து என்று முடிவு செய்ததும் சேற்றில் இறங்கி மண்ணையும் நீரையும் சோதித்தவர்கள்.

வாட்டத்தின் வடிவம்

படத்தில் வாட்டம் என்ன வடிவத்தில் பரவியிருக்கிறது என்று பார்ப்பது, காரணத்தைத் தேடிப் போக வழி காட்டும்.

ஏரியோரத்திலிருந்து அல்லது பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்து பட்டையாகத் தொடங்கி, உள்ளே போகப் போகக் குறைந்தால், கரையிலிருந்து உப்பு நீர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு கிணற்றையோ போரையோ நடுவில் வைத்து வட்டமாக வாடியிருந்தால், அந்த இறைப்பே அடியிலிருந்து உப்பை ஏற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கடல் பக்கத்து விளிம்பு மட்டும் கருகி, பின்புறம் பசுமையாக இருந்தால் உப்புக் காற்றின் வேலையாக இருக்கலாம். புயலுக்குப் பிறகு இப்படி வருவது உண்டு, பெரும்பாலும் அடுத்த மழையில் தளிர்த்துவிடும். தோப்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் உப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் மரப்பட்டையைப் பார்க்க வேண்டும். சவுக்கில் பட்டை கொப்புளித்து, அடியில் கரித்தூள் போன்ற கறுப்புப் பொடி இருந்தால் அது கொப்புளப் பட்டை நோய். அதற்கு நீரைச் சோதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நேர்கோட்டு விளிம்பை ஒட்டி மரங்கள் வாடியிருந்தால், அந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. உவர்நீர்க் குளத்தின் கரையாக இருக்கலாம். இறால் பண்ணைகள் தொடர்பாகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்பு கூடாது என்று பெயர் குறிப்பிட்டே சொல்லப்பட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. எந்த ஆண்டில் எந்தக் குளம் வெட்டப்பட்டது, அதற்கு முன் பக்கத்துத் தோப்பு எப்படி இருந்தது என்பதைத் தேதியோடு காட்டும் படம், வாய்ப்பேச்சை விடக் கனமானது. ஆயினும் படம் மட்டும் போதாது. குளம் வந்த பிறகு தோப்பு வாடியது என்று அது சொல்லும், குளத்தால்தான் வாடியது என்று சொல்லாது. இரண்டுக்கும் நடுவே கேணி நீரின் பரிசோதனைச் சீட்டு வேண்டும்.

கிணற்றடியில் செய்ய வேண்டியவை

செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே கொல்லையில் ஒரு கருவி இருக்கிறது, அது வாழை. வாழையும் மாவும் உப்பைச் சற்றும் தாங்கா. அவற்றின் இலையோரம் கருகத் தொடங்கினால், தென்னைக்கும் சவுக்கிற்கும் இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள். பூவரசும் புங்கும் நன்றாக இருக்கின்றனவே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது, அவை உப்பைத் தாங்கும் ஜாதி.

சந்தேகம் வந்ததும் ஆண்டுக்கு இரண்டு முறை, மழை முடிந்த தையில் ஒன்றும், கோடை உச்சியான வைகாசியில் ஒன்றுமாக நீர் மாதிரி எடுக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் நீரையும் சோதித்துத் தருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். சீட்டில் மின் கடத்துதிறன் என்று ஓர் எண் இருக்கும். அது டெசிசீமன் அளவில் 0.7க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை, பயிரையும் மண்ணையும் பார்த்துக் கவனமாகப் பாய்ச்ச வேண்டும். 3க்கு மேல் போனால் அந்த நீரை நம்பி வாழையோ மாவோ வைக்கலாகாது. மணல் நிலமானால், மழையில் உப்பு கழுவிப் போகும் என்பதால் சவுக்கு தாங்கக்கூடும். கடல் நீருக்கு இந்த எண் ஏறத்தாழ 50. தையில் 1 ஆக இருந்தது வைகாசியில் 3 ஆனால், படலம் மெலிகிறது என்று அறிந்து, இறைக்கும் நேரத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் ஆழமாக இழுப்பதை விட்டு, ஆழம் குறைந்த இரண்டு மூன்று கேணிகளில் மாற்றி மாற்றி எடுப்பது நல்லது. மழை நீரை வெளியே ஓடவிடாமல் மேட்டிலேயே குழி வெட்டி இறக்கினால் படலம் மீண்டும் தடிக்கும்.

மாதிரி எடுக்கும்போது பம்பை 10 நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போன பிறகு பிடிக்க வேண்டும். கேணியானால் வாளியை நடுவில் இறக்கி எடுக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி ஆகாது. மரத்தடி மண்ணானால் ஓர் அடி, இரண்டடி, மூன்றடி ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். புட்டியின் மேல் பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், நிற்கும் மரம் ஆகியவற்றோடு, எடுத்த தேதியைத் தவறாமல் எழுத வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குள் மேகமில்லாத படம் ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.